துண்டைத் தூக்கினால் ஒரு புள்ளி

திருமானூர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் குழந்தைவேலுக்கு, கபடி நடுவராக விசிலை வாயில் வைத்துவிட்டால் உற்றார் உறவினர் என்று எவரும் கிடையாது. மச்சினன் ஆடிய அணிக்கே பாதகமாகத் தீர்ப்புச் சொல்லி, மனைவி ராசாத்தியின் பிறந்த வீட்டில் ஒரு பொங்கலுக்குச் சோறு இல்லாமல் திரும்பியவர். போட்டி நடக்கும் ஊரில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார். பயிற்சியாளர் எவராவது பேச வந்தால் உள்ளங்கையைக் காட்டுவார். "கேப்டன அனுப்பு. ரூல்படி கேப்டன்தான் எங்கிட்ட பேசணும்." ஊரே இதை நேர்மை என்று மெச்சியது. அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார், பாவம்.

தா.பழூர் அணியின் பயிற்சியாளர் ஜெயசீலன் வேறு ரகம். கட்டட மேஸ்திரி. பையன்களுக்குச் சோறு போட்டு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற நல்ல மனுஷன்தான். ஆனால் களத்தோரம் உட்கார்ந்தால் வாயைத் திறந்தாலே பொய். தன் அணி களைத்துவிட்டால் எவனாவது ஒருவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு புரளுவான். "அடி பட்டுருச்சு சார், நிறுத்துங்க!" என்று இவர் அலறுவார். ஆட்டம் நின்று, தண்ணீர் கொடுத்து முடிப்பதற்குள் எல்லோரும் இளைப்பாறிக்கொள்வார்கள். புரண்டவன் எழுந்து கன்றுக்குட்டி மாதிரி ஓடுவான். குழந்தைவேல் இப்படி ஏமாந்து, ஊர் கைகொட்டிச் சிரித்ததும் உண்டு. அதற்கப்புறம் ஜெயசீலன் தொண்டை கிழியக் கத்தினாலும் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

இப்படி இரண்டு பேரும் சேர்ந்துதான் தமிழ்மாறனைக் கொன்றார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அவர்களே தங்களுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள்.

தமிழ்மாறன் தா.பழூர் அணியின் கேப்டன். அம்சவள்ளிக்கு ஒரே பிள்ளை. அவன் கடைசியாக ஆடிய அன்று, ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தது, தா.பழூர் ஒரு புள்ளி முன்னால் இருந்தது. 'கபடி கபடி' என்று பாடிப் போன தமிழ்மாறனை எதிரணி தூக்கிப் போட்டதில் பின்மண்டை தரையில் மோதியது. விழும்போதே கை நடுக்கோட்டைத் தொட்டுவிட்டதால் அவுட் இல்லை. எழுந்து வந்தவன் ஜெயசீலனைப் பார்த்து, "மாஸ்டர், நாம எந்த ஊருல ஆடுறோம்?" என்று கேட்டான்.

ஜெயசீலன் அவனை வெளியே எடுக்கப் பார்த்தார். மாற்று ஆளை இறக்க ஆட்டம் நிற்கவேண்டும். அணி கேட்டு வாங்கும் இடைவேளை எல்லாம் தீர்ந்திருந்தது. இனி நடுவர் மனசு வைத்தால்தான் உண்டு. கோட்டருகே ஓடிவந்து கத்தினார்.

"சார், நிறுத்துங்க! பையனுக்குத் தலையில அடி. சத்தியமா சொல்றேன் சார்!"

"கேப்டன் வந்து சொல்லட்டும்" என்றார் குழந்தைவேல்.

கேப்டன் யார்? மண்டையில் அடிபட்டவனேதான்.

"ஒனக்கு எதாச்சும் செய்யுதா?"

"ஒண்ணுமில்ல சார். ஆடலாம்." சிரித்துக்கொண்டே சொன்னான்.

குழந்தைவேல் விசில் ஊதினார். அடுத்த பிடியில் விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து அவனைத் துணியில் சுற்றித்தான் கொண்டுவந்தார்கள்.

கருமாதி முடிந்த பிறகு ஜெயசீலன் பஞ்சர் கடைக்கு வந்தார். வந்த வேகத்தில் குழந்தைவேலின் சட்டையைப் பிடித்துவிட்டார். "சத்தியம் பண்ணுனேனேய்யா, ஏன் நம்பல?"

"இதுக்கு முன்னாடி எத்தன தடவ பொய்ச் சத்தியம் பண்ணுன? எத நம்பச் சொல்ற?"

சட்டையை விட்டுவிட்டு, கழற்றிப் போட்டிருந்த டிராக்டர் டயர் மேல் உட்கார்ந்து ஜெயசீலன் அழுதார். குழந்தைவேல் அவரைப் போகச் சொல்லவில்லை. அந்தச் சாவைப் பற்றிப் பேச அவருக்கும் இந்த உலகத்தில் வேறு ஆள் கிடையாது. அதன் பிறகு ஜெயசீலன் அடிக்கடி வந்தார். ஒருநாள் குழந்தைவேலே பேச்சை எடுத்தார்.

"இனிமே நீ சொன்னா நிறுத்துறேன். கேப்டனக் கேக்க மாட்டேன். ஆனா நீ பொய் சொல்ல மாட்டேன்னு நான் எத வச்சு நம்புறது?"

பொய்யின் விலை பொய்யனுக்குத்தான் தெரியும். "எங்கிட்டேர்ந்து ஒரு புள்ளிய எடுத்துக்க" என்றார் ஜெயசீலன்.

அதுதான் ஏற்பாடு. பயிற்சியாளர் தோள் துண்டைத் தூக்கினால் நடுவர் கேள்வி கேட்காமல் ஆட்டத்தை நிறுத்தவேண்டும். அடிபட்டவன் வெளியே போகவேண்டும், அன்று திரும்ப ஆடக்கூடாது. எதிரணிக்கு ஒரு புள்ளி. ஆட்டத்துக்கு முன் குழந்தைவேல் இரண்டு பயிற்சியாளர்களையும் நடுக்கோட்டுக்கு அழைத்து, இதை மைக்கில் எல்லோர் காதிலும் விழச் சொல்வார். "கண்கெட்ட பொறவு சூரிய நமஸ்காரம்" என்று கூட்டத்தில் சிரித்தார்கள். ஆனால் முழங்காலைப் பிடித்துப் புரளும் கூத்து அன்றோடு நின்றது.

இந்த வருடம் காணும் பொங்கலன்று திருமழபாடியில், கொள்ளிடக் கரையில் இறுதி ஆட்டம். கடைசி நிமிடத்தில் இரண்டு அணியும் சமம். தா.பழூர்ப் பையன் பிரேம்குமாரின் நெற்றி எதிராளியின் முட்டியில் இடித்தது. எழுந்தவன் தள்ளாடி, எதிரணிப் பக்கம் போய் நின்றுகொண்டான். ஜெயசீலனின் கை துண்டைத் தூக்கியது. குழந்தைவேல் விசில் ஊதி, எதிரணிக்கு ஒரு புள்ளி கொடுத்தார்.

அந்த ஒரு புள்ளியில் தா.பழூர் தோற்றது. மண்ணாங்கட்டி பறந்தது. "ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிப் பயலுவோ!" என்று ஏசினார்கள். பிரேம்குமார் துண்டைப் பிடுங்கி ஜெயசீலன் முகத்திலேயே எறிந்தான். அவனை இழுத்துப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வெறும் வீக்கம்தான் என்று அனுப்பிவிட்டார் டாக்டர். இது தெரிந்ததும் ஊருக்கு இன்னும் ஆத்திரம். மறுநாள் காலையிலேயே ஜெயசீலனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள், இனி அணிப் பக்கம் வரவேண்டாம் என்று.

அன்றே இருவரும் தா.பழூருக்குப் போய் பிரேம்குமாரைப் பார்த்தார்கள். நெற்றி புடைத்திருந்தது. இருவரையும் வாசலில் நிற்கவைத்தே திட்டிவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனான். குழந்தைவேலுக்கு அந்தத் திட்டு காதில் தேனாகத்தான் விழுந்தது. வெகுநாளைக்குப் பிறகு மனசு லேசானது.

அதே தெருவில்தான் அம்சவள்ளியின் வீடு. வாசலில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தவள், கால்களால் துழாவுவதை நிறுத்தினாள்.

"பிரேமு நல்லாருக்கானா தம்பி?"

"நல்லாருக்கான்க்கா" என்றார் குழந்தைவேல்.

"இருக்கட்டும். நூறு வருசம் இருக்கட்டும். துண்டத் தூக்குனா நிறுத்துவியளாம், ஒரு புள்ளிதான் போவுமாம். ஊரே பேசுது."

"ஆமாக்கா."

அவள் குரலை உயர்த்தவில்லை. "ஒரே ஒரு புள்ளிதான தம்பி? அத எம் மவனுக்கு ரெண்டு பேருல ஒருத்தராச்சும் வுட்டுக் குடுத்துருக்கக் கூடாதா?"

அவள் மறுபடி நெல்லைத் துழாவத் தொடங்கினாள்.