பிழைத்திருத்தல் பத்திரம்

அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சி, இறந்த அடுத்த மாதமே மாமா ஒரு பட்டுச்சேலையோடு வீட்டுக்கு வந்து, அம்மாவைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அப்புச்சி உழுது விதைத்த காட்டில் தனக்கிருந்த பாதியை அம்மா அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் அது. அம்மா அதைப் படிக்கவில்லை. அண்ணன் நீட்டுகிற தாளைப் படித்துப் பார்த்தால் அண்ணனையே சந்தேகப்பட்டதாக எங்கள் பக்கம் அர்த்தம். தங்கையே படிக்கவில்லை என்று மாமாவும் படிக்கவில்லை. அந்த மரியாதையில்தான் எல்லாம் கோளாறானது.

பத்திரம் எழுதியவர் எங்கள் காட்டு சர்வே எண்ணுக்குப் பதிலாகப் பக்கத்துக் காட்டு எண்ணை எழுதிவைத்திருந்தார். வேலம்பாளையத்தில் நிட்டிங் மெஷின் போட மாமா அந்தக் காட்டை அடமானம் வைத்துக் கடன் கேட்டுப் போனபோது வங்கியில் அதைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிழைத்திருத்தல் பத்திரம் பதிய வேண்டும். அதற்கும் அம்மா வந்தாக வேண்டும். இந்த முறை சேலை வரவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. பள்ளி விடுமுறை. பனியன் கம்பெனியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு அம்மா என்னையும் கூட்டிப் போனார். பத்திரம் எழுதுபவர் புதுத் தாளை நீட்டிக் கையெழுத்துக்கு இடம் காட்டினார். அம்மா பேனாவை வாங்கவில்லை.

"படிச்சுச் சொல்லுங்க."

மாமாவின் முகம் சுண்டிவிட்டது. எழுதுபவர் படித்து முடித்ததும் அம்மா மெதுவாகக் கேட்டார். "ஏனுங்க, இன்னிக்கு நான் இதுல கையெழுத்துப் போடலீன்னா எம் பாகம் யாருதுங்க?"

எழுதுபவர் மாமாவைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். "இந்த நம்பர்ல நீங்க இன்னும் எதையும் எழுதிக் குடுக்கலீங்க. உங்க பாகம் உங்களுதுதானுங்க."

"அம்மிணி, உம் மனசுல என்னதான் இருக்குது?" என்றார் மாமா. அவர் குரலில் கோபமா பயமா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பயம்தான். மாமா முறைத்துக்கொண்டால் லீவுக்கு அந்த வீட்டுக்குப் போக முடியாது, எனக்குச் சீர் செய்யவும் ஆளில்லை. அம்மா பேனாவை வாங்கிக் கையெழுத்தைப் போட்டார். எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் உள்ளே போனதும் மறுபடியும் நின்றுபோனது. சார்பதிவாளர் பத்திரத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "சம்மதத்தோடதானேம்மா எழுதிக் குடுக்கறீங்க? யாரும் கட்டாயப்படுத்தலையே?"

அம்மா வாயைத் திறக்கவில்லை. சார்பதிவாளர் பேனாவைக் கீழே வைத்தார். மாமா வேட்டி நுனியால் கழுத்தைத் துடைத்தார். வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட யாரோ கதவருகே வந்து நின்றார். நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஆமான்னு சொல்லுங்கம்மா. மாமா பாவம்!"

அம்மா குனிந்து என்னைப் பார்த்தார். அதற்கு முன் அவ்வளவு நேரம் என்னை அவர் பார்த்ததே இல்லை.

"ஆமாங்க," என்றார்.

நூல் பிசிறு வெட்டியே தேய்ந்த அம்மாவின் கட்டைவிரலை ரேகை மெஷின் இரண்டு முறை ஏற்கவில்லை. 'இன்னும் கொஞ்சம் அழுத்துங்க' என்றார்கள். மூன்றாவது முறை நானே அந்த விரலைப் பிடித்து அழுத்தினேன். உடனே பச்சை விளக்கு எரிந்தது. "எங்கண்ணு கெட்டிக்காரி!" என்று மாமா என் தலையைத் தடவினார். பஸ்ஸில் வீடு வரும்வரை எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கம்பெனியில் அரைநாள் சம்பளம் போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

சம்மதமா என்று அம்மாவிடம் அந்த விஷயத்தில் ஒரு மனிதர் வாய்விட்டுக் கேட்டது அன்றைக்குத்தான். அதற்கு நான் பதில் சொல்லிவிட்டேன் என்பது எனக்கு அப்போது தெரியாது.