அம்மாள் தந்த பால்

அம்மாளாச்சியின் அடியவர்களே, என் முள்ளந்தண்டு விழுந்து முறியவில்லை. பஸ்ஸில் இருந்தபடியே முறிந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, யுத்த காலம். எனக்கு அறுபது தாண்டியிருந்தது. என் ஒரே மகன் குமரனைச் சுற்றிவளைப்பில் பிடித்து, தெற்கே ஒரு தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். அவனுக்கு என்னை விட்டால் யாருமில்லை. மாதம் ஒருமுறை பார்க்கப் போவேன். அப்படிப் போய்த் திரும்பிய ஒரு நாள் பஸ் ஒரு குழிக்குள் விழுந்து எழும்பியது. முதுகில் ஏதோ நொறுங்கியது. எங்கள் ஊரான அன்புவழிபுரத்து வீட்டுக்கு என்னைக் கதிரையில் இருத்தி, கதிரையோடுதான் தூக்கி வந்தார்கள்.

எக்ஸ்ரே பார்த்த டாக்குத்தர் கேட்டார்.

"எலும்பு நல்லாத் தேஞ்சு போச்சு அம்மா. என்ன சாப்பிடுறனீங்கள்?"

"பால், முட்டை, மீன் தொடுறேல்லை ஐயா. மகன் விடுதலையாகும்வரைக்கும் எண்டு கோயில் அம்மாளுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன்."

"இப்பிடியே இருந்தா அடுத்தது இடுப்பு முறியும். பிறகு மகனைப் பார்க்கப் போக ஏலாது."

நேர்த்தியை முறித்தால் பிள்ளைக்கு ஏதும் நடந்துவிடுமோ என்று பயம். முறிக்காவிட்டால் அவன் முகத்தையே பார்க்க முடியாது. படுத்த படுக்கையில் அம்மாளோடு சண்டை பிடித்தேன். "பிள்ளையைப் பிரிச்சது காணாதெண்டு என்னையும் பாயில போட்டியோ?" என்று கேட்டேன். கோபம் அடங்கியதும் அழுகை வந்தது. "தாயே, எனக்கு வழி தெரியேல்லை. நீயே சொல்லு" என்று கும்பிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை, கோயிலில் கூட்டித் துப்புரவாக்கும் பக்கத்து வீட்டுப் பாக்கியம் ஒரு செம்போடு வந்தாள்.

"அக்கா, காலமை சுற்றிவளைப்பெண்டு கோயிலுக்கு ஒரு சனமும் வரேல்லை. அம்மாளுக்குப் படைச்ச பால் அப்பிடியே கிடக்கு. குடியுங்கோ."

"ஐயோ, என்ர நேர்த்தி?"

"பிரசாதத்தை வேண்டாமெண்டு சொல்லுவீங்களோ? எனக்கெண்டா அந்தத் துணிவில்லை."

எனக்கும் இருக்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கி, அழுதழுது குடித்தேன். நான் கேட்ட கேள்விக்கு அம்மாள் பதிலைச் செம்பில் அனுப்பியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமையும் பால் வந்தது, கூடவே எள்ளுருண்டையும் வந்தது. "இண்டைக்கும் சனம் வரேல்லையோ?" என்றேன். "அதை அம்மாளிட்டைக் கேளுங்கோ" என்று பாக்கியம் சிரிக்காமல் சொன்னாள்.

அதன் பிறகு நானே அம்மாளோடு பேசினேன். மீனையும் முட்டையையும் திருப்பித் தா, அதற்குப் பதிலாக என் வெற்றிலையை எடுத்துக்கொள் என்றேன். பொய் சொல்லமாட்டேன், பாலை விட்டதைவிட வெற்றிலையை விட்டதுதான் எனக்குப் பெரிய தவம். தினமும் நெத்தலியும் முருங்கையிலையும் சாப்பிட்டேன். டாக்குத்தர் தந்த பட்டியை இடுப்பில் கட்டி, முதலில் கிணற்றடி வரைக்கும், பிறகு வாசல் படலை வரைக்கும் நடந்தேன்.

பல மாதங்களுக்குப் பிறகு, பஸ்ஸின் முன் இருக்கையில் தலையணை போட்டு உட்கார்ந்து முகாமுக்குப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற குமரன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"அம்மா, குள்ளமாப் போனீங்களே!"

"அதுக்கென்ன, நீ குனிஞ்சு பார். வந்திருக்கிறன்தானே?"

அவன் விடுதலையானதும் அம்மாளின் அருள்தான். அதை இன்னொரு நாள் சொல்லலாம். முதுகு முறிந்ததில் விழுந்த கூன் நிமிரவில்லை. ஆனாலும் இன்றுவரை என் காலால்தான் கோயிலுக்கு வருகிறேன். பிள்ளைகளுக்காக வயிற்றைக் காயப்போட்டிருக்கும் சகோதரிகளே, உங்கள் பயத்தையும் அவளிடமே சொல்லுங்கள். பிள்ளை திரும்பி வரும்போது கட்டிப்பிடிக்க நீங்கள் எழும்பி நிற்க வேண்டும். அவள் தருவதைக் குடியுங்கள்.