தகரமும் தங்கமும் ஒரே குரலில்

நவம்பர் பிறந்தால் ஊரில் மற்ற ஆண்கள் மான் வேட்டைக்குத் துப்பாக்கியைத் துடைப்பார்கள். ஆர்மண்ட் பெல்கி மட்டும் உலோகம் தேடும் கருவியைத் துடைப்பார். வீடு வீடாகக் கணப்பு எண்ணெய் ஊற்றும் லாரியை ஓட்டிப் பிழைத்த மனிதர் அவர். மெய்ன் மாநிலத்தின் அந்தச் சின்ன ஏரிக்கரை ஊரில், எண்ணெய்த் தொட்டி இருக்கும் நிலவறைகளில் அவர் கால் படாதது இல்லை. அத்தனை வீட்டுச் சங்கதியும் தெரிந்தும் வாயைத் திறக்கமாட்டார் என்று நல்ல பெயர். அந்த நல்ல பெயரால் அவர் வீட்டுக்கு மட்டும் ஒரு நன்மையும் விளையவில்லை.

பனிக்கட்டி வந்து படகுத்துறைகளை நெரித்துவிடக் கூடாதென்று, இலையுதிர் காலத்தில் அணையைத் திறந்து ஏரியை இறக்கிவிடுவார்கள். கோடையில் ஊரே நீந்திக் கிடந்த இடம் வெறும் தரையாகக் கிடக்கும். தரை உறைந்து பாறையாவதற்குள் தேடினால்தான் உண்டு. ஆண்டுதோறும் ஆர்மண்ட் அந்தத் தரையில் நடந்தார். நாணயம், தூண்டில் ஈயம், சாவி என்று கிடைத்ததையெல்லாம் காபி டப்பாவில் போட்டார். தேடியது ஒன்றே ஒன்று: மனைவி லூசிலின் கல்யாண மோதிரம்.

கல்யாணமான மூன்றாவது கோடை அது. வடக்கே மரம் வெட்டும் முகாமுக்கு வேலைக்குப் போகிறேன் என்றார் ஆர்மண்ட். போனால் நான் லூயிஸ்டனில் இருக்கும் அக்கா வீட்டுக்கே போய்விடுவேன் என்றாள் லூசில். வீடு இரண்டுபட்டது. மறுநாள் குளிக்கப் போனவள் வெறும் விரலோடு வந்து நின்றாள். "தண்ணி ஜில்லுன்னு இருந்துச்சு, விரல் சுருங்கி நழுவிடுச்சு" என்றாள். ஆர்மண்ட் "சரி" என்றார். முகாமுக்கும் போகவில்லை. ஆனால் நழுவியதா, கழற்றி எறிந்தாளா என்ற முள் மட்டும் தைத்த இடத்திலேயே இருந்துவிட்டது. பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், போஸ்டனுக்குப் போனார்கள். முள் போகவில்லை. குளிப்பவர்கள் பிடித்து ஏறும் நீச்சல் மிதவைக்குக் கீழே, அவள் நீந்திய இடத்திலேயே, மோதிரம் கிடந்தால் அவள் சொன்னது நிஜம். அவ்வளவுதான் அவருக்குத் தெரியவேண்டும்.

இந்த நவம்பரில் ஒரு நாள் காலை, ஹார்டுவேர் கடை வெண்டல், பேட்டரியை எடுத்து வைத்தபடியே வம்புக்கு இழுத்தான். அவனும் இந்தப் பைத்தியம் பிடித்தவன்தான்.

"ஏன்டா ஆர்மண்டு, இன்னமும் கருவியில பீர் டின் திறக்கிற வளையத்தோட சத்தத்தை ஊமையாக்கி வச்சுக்கிட்டுத்தான் சுத்துறியா?"

"பின்னே? அந்தக் கரையில மணலை விட டின் வளையம்தான் ஜாஸ்தி. எல்லாத்தையும் தோண்டினா எனக்கு வேற முதுகு உங்கப்பனா தருவான்?"

"தங்கமும் தகர வளையமும் ஒரே குரல்லதான்டா பேசும். எத்தனை மோதிரத்தை மிதிச்சுக்கிட்டுப் போனியோ!"

"மெலிசு மோதிரம்தான் அப்படிப் பேசும். லூசிலோடது நல்ல கனம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

ஏரித்தரையில் மூடுபனி இறங்கியிருந்தது. மிதவையைக் கட்டும் சிமெண்டுக் கட்டைகள், அவிழ்ந்த சங்கிலியோடு, மேய்ச்சல் முடிந்த மாடுகளைப் போல உட்கார்ந்திருந்தன. கம்பளித் தொப்பிக்கு மேல் கருவியின் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நடந்தார். அண்ணாந்து பார்த்தால் வெள்ளை மட்டும்தான். அந்த வெள்ளைக்குள் எங்கோ, தலைக்கு மேலே, மூன்றாவது கோடையின் தண்ணீர் இன்னும் நின்றுகொண்டிருப்பதாகவும், லூசிலின் கால்கள் அதை மெதுவாக உதைப்பதாகவும், மோதிரம் இறங்கி வர மனமில்லாமல் சுற்றிச் சுற்றி வருவதாகவும் தோன்றியது. பாவம், அந்த மனிதருக்கு அங்கே நிற்பது பிடித்திருந்தது. வீட்டில் கேட்க முடியாததையெல்லாம் அங்கே கேட்கலாம்.

குளிரில் பேட்டரி செத்தது. அக்குளில் கதகதப்பாக வைத்திருந்த இன்னொன்றை எடுத்துப் போட்டார். கருவி விழித்துக்கொண்டது, ஆனால் அவர் சொல்லி வைத்த கட்டளைகளையெல்லாம் மறந்துவிட்டு விழித்தது. அடி எடுத்து வைத்ததும் ஊமைகளெல்லாம் ஒரே நேரத்தில் வாய் திறந்தன. கீச், கீச் என்று ஏரித்தரை முழுக்கச் சத்தம். வைதுகொண்டே பொத்தானைத் தேடியவர், கடைசிக் கட்டைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். அங்கே ஒரு குரல், ஆழத்திலிருந்து, நிதானமாக. மற்ற நாளாக இருந்தால் கேட்டிருக்கவே மாட்டார்.

மண் குளிரில் உறைந்து இறுகிப்போயிருந்தது. கொத்திக் கொத்தி, குரல் உள்ளே இருக்கும்படி ஒரு ரொட்டி அளவுக் கட்டியாகப் பெயர்த்து வாளியில் போட்டுக்கொண்டார். உடைத்தால் உள்ளே இருப்பது நசுங்கும். வீட்டில் வைத்து உருகவிடுவதுதான் வழக்கம்.

சனிக்கிழமை ராத்திரி என்றால் அந்த ஊரில் பீன்ஸ்தான்; அடுப்பில் அது வெந்துகொண்டிருந்தது. லூசில் வாளியை எட்டிப் பார்த்தாள்.

"இன்னிக்கு மண்ணுருண்டையா? உப்புப் போடவா, வேண்டாமா?"

ஆர்மண்ட் கட்டியை எனாமல் பேசினில் வைத்து, வெண்டல் சொன்னதையும் கருவி மறந்துபோனதையும் சொன்னார். "உன் மோதிரம் கனம். அது வேற குரல்ல பேசியிருக்கும். இது சும்மா ஒரு ஆசைக்குத்தான் எடுத்துட்டு வந்தேன்."

கரண்டியை வைத்துவிட்டு லூசில் திரும்பினாள்.

"கனமா? நூல் மாதிரி இருந்துச்சு ஆர்மண்டு. அதுக்கு மேல வாங்க உங்கிட்ட வக்கு ஏது? நீயே வெட்கப்பட்டு, அடுத்த வருஷம் பெருசா வாங்கித் தர்றேன்னு சொல்லலை?"

அவள் சொன்னது உண்மை. தேடத் தேட, மனசுக்குள் அந்த மோதிரம் வருஷத்துக்கு வருஷம் பருத்துக்கொண்டே போயிருக்கிறது.

"அப்போ இத்தனை காலமும் அதன் வாயைப் பொத்தி வச்சுட்டு, பேசு பேசுன்னு கேட்டிருக்கே" என்றாள். சிரிப்பாள் என்று பார்த்தார். சிரிக்கவில்லை. "என்னையும் அப்படித்தான். நழுவிடுச்சுன்னு சொன்னேன், நீ சரின்னே. அது நம்பின 'சரி' இல்லேன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நீயா கேட்பேன்னு இருந்தேன். நீ ஏரியைப் போய்க் கேட்டே."

பேசினில் கட்டி மெல்லக் கசியத் தொடங்கியிருந்தது. ஆர்மண்டுக்குக் கண் கலங்கியது. ஓர் எட்டு எடுத்து வைத்து, பேசினின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து மூடினார்.

"நழுவிடுச்சு" என்றார். "உள்ள இருந்தாலும் சரி, இல்லேன்னாலும் சரி. நீ சொன்னே, நழுவிடுச்சு."

"இந்தச் 'சரி' கேக்கறதுக்கு வேற மாதிரி இருக்கு" என்றாள் லூசில். பிறகு இருவரும் பீன்ஸ் சாப்பிட்டார்கள்.

விடிந்ததும் அவள்தான் முதலில் எழுந்தாள். அவர் சமையலறைக்கு வந்தபோது பேசினில் சேறு மட்டும் படிந்து கிடந்தது. லூசில் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் மோதிர விரலில், கட்டிக்குள்ளிருந்து வந்த, நாக்கு பிய்ந்த பழைய பீர் டின் வளையம் ஒன்று, தேய்த்துக் கழுவிப் பளபளவென்று இருந்தது.

"நல்ல கனம்" என்றாள், கையை நீட்டிக் காட்டி. "எறியமாட்டேன், பயப்படாதே."