கிட்னி கொடுத்த மதினி

என் வீட்டுக்காரருடைய இடது கன்னத்தில் காவியால் வரைந்த ஒரு சிங்கம் உட்கார்ந்திருந்தது. வால் நெற்றிப்பொட்டு வரை போயிருந்தது. சென்னையில் ஒரு வாரம் ஆசிரியர் பயிற்சி முடித்துத் தென்காசியில் இறங்கி வீட்டுக்கு வந்தவள், பையைக்கூடக் கீழே வைக்காமல் அந்தச் சிங்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கு மேலே அவர் கண் கோவைப்பழமாகச் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. அக்கிதான், எழுதியாயிற்று, ரெண்டு நாளில் காய்ந்துவிடும் என்றாள் மதினி. மதினி என்றால் அவருடைய அக்கா. நேரில் 'வாங்க, போங்க'தான். எழுதும்போது எனக்கு அந்த மரியாதை வருவதில்லை.

எங்கள் பக்கம் முகத்தில் கொப்புளம் வந்தால் அக்கி என்று சொல்லி, மண்பானை செய்கிறவரிடம் போய்க் காவிக்கல்லைக் குழைத்து அதன் மேல் சிங்கம் எழுதி வாங்குவது வழக்கம். படித்தவர்களும் போவார்கள். சின்ன வயதில் எனக்கும் எழுதியிருக்கிறார்கள். ஒரு வாரத்தில் காய்ந்தது. எழுதாமல் இருந்தாலும் அதே ஒரு வாரத்தில்தான் காய்ந்திருக்கும். அது நல்ல உடம்பு. இவருடையது அப்படி இல்லை.

இவருக்குக் கிட்னி கொடுத்தவள் மதினி. என்னுடையது பொருந்தவில்லை, அவளுடையது பொருந்தியது. அன்றைக்கு நான் அவள் காலில் விழுந்தேன், மனசாரத்தான் விழுந்தேன். அதற்குப் பிறகு அவர் உடம்பு அவள் பேரில் பட்டா போட்ட வயல் மாதிரி ஆகிவிட்டது. எத்தனை டம்ளர் தண்ணீர், குழம்பில் எவ்வளவு உப்பு, எல்லாம் அவள் சொன்னபடி. போன் எடுத்தால் தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்க மாட்டாள். "என் கிட்னி எப்படிட்டி இருக்கு?" என்பாள். இவரும் வாயைத் திறக்க மாட்டார். உயிரைக் கொடுத்தவளிடம் என்னத்தைப் பேச என்று எனக்கே சமாதானம் சொல்வார்.

ஆபரேஷன் ஆகி ஆறு மாதம் கழித்து அவர் உதட்டோரத்தில் கொப்புளம் வந்தது. ஆறியது, மறுபடி வந்தது. ஒவ்வொரு தடவையும் போன தடவையைவிடப் பெரிதாக வந்து, சோறு தின்ன முடியாமல் கஞ்சியை ஸ்டிராவில் உறிஞ்சினார். மதுரை டாக்டர் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்து விளக்கினார். இந்தக் கொப்புளத்தைக் கொண்டுவருகிற கிருமி பாதிப் பேர் உடம்பில் நரம்புக்குள் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறதாம். புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை மாத்திரையால் அடக்கி வைத்திருப்பதால், இவருக்கு மட்டும் அது அடிக்கடி எழுந்துவிடுகிறது. அதனால் அசைக்ளோவிர் மாத்திரை தினமும் இரண்டு வேளை, ஒருநாள்கூட விடக்கூடாது. முகத்தில் சுருசுருவென்றால் உடனே கூப்பிட வேண்டும். கண்ணுக்குப் போய்விட்டால் ஆபத்து. கடைசியாக, தண்ணீர் நிறையக் குடியுங்கள், இல்லையென்றால் இந்த மாத்திரை கிட்னிக்குச் சிரமம் கொடுக்கும், அதற்காகத்தான் ரத்தம் பார்க்கச் சொல்கிறேன் என்றார். மதினி காதில் விழுந்தது அந்தக் கடைசி வரி மட்டும்தான். அன்றைக்கே அவளிடம் மறுபடி பொறுமையாகச் சொல்லியிருக்க வேண்டும். கூடவே உட்கார்ந்து கேட்டவளுக்கு என்ன விளக்கம் என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு.

நான் சென்னைக்குப் போன மறுநாளே அவள் மாத்திரை அட்டையை எடுத்து ஒளித்துவிட்டாள். என் கிட்னியைக் கெடுக்கிற மாத்திரை எதற்கு என்றாளாம். சாரல் நன்றாக விழுகிறது, ஐந்தருவித் தண்ணீர் மூலிகைத் தண்ணீர் என்று குற்றாலத்துக்குக் கூட்டிப்போய், அந்தக் கூட்டத்துக்குள் குளிக்க வைத்தாள். நான்காம் நாள் கன்னத்தில் கொப்புளம். அக்கிக்கு இங்கிலீஷ் மருந்து போட்டால் உள்ளே போய்விடும் என்று அவள் சொல்ல, இவர் என்னை போனில்கூடக் கூப்பிடவில்லை. அந்தப் பானைக்காரர் நல்ல மனுஷர். கண்ணுக்குக் கிட்டே வந்திருக்கிறது, நான் எழுத மாட்டேன், ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றாராம். கன்னத்தில் மட்டுமாவது எழுதுங்கள் என்று கெஞ்சி எழுதி வாங்கியிருக்கிறாள்.

அப்படியே கார் பிடித்துத் திருநெல்வேலிக்குப் போனோம். பத்து நாள் நரம்பில் மருந்து ஏற்றினார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் இடது கருவிழியில் தழும்பு விழுந்துவிட்டது, பார்வை திரும்புவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் மதினி கேட்டாள்: "கிட்னிக்கு ஒண்ணும் இல்லல்லா டாக்டர்?"

நான் அதுவரை அவளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

"கிட்னி ஒங்களுது மதினி. கண்ணு அவுகளுது," என்றேன்.

அதோடு எனக்கும் அவளுக்கும் பேச்சு நின்றது. மூன்று வருஷமாகிறது. கிட்னி நன்றாக இருக்கிறது. மாத்திரையை நான்தான் கையில் கொடுத்து, விழுங்கும்வரை நிற்கிறேன். இடது கண்ணால் பார்த்தால் ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கிறது என்கிறார்.

போன வாரம் மதினி ஒரு கண்தான விண்ணப்பத்தோடு வந்தாள். தன் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தாள். "நான் செத்தா எங் கண்ணத் தம்பிக்கு வைக்கட்டும். சாட்சிக்கு நீ போடுட்டி," என்றாள். இன்னாருக்கு என்று பெயர் சொல்லிக் கொடுக்க முடியாது, வைத்தாலும் கிருமி அதற்கும் வரலாம் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். அவள் வழக்கம்போல் பாதியைத்தான் கேட்டிருக்கிறாள். இவர் என் முகத்தைப் பார்த்தார். யாருக்கோ பயன்படட்டுமே, போடேன் என்று பிறகு கெஞ்சவும் செய்தார்.

அவர் சொல்வது நியாயம்தான். எனக்குத் தெரியும். ஆனால் கொடுக்கத் தெரிந்த அவளுக்குக் கொடுத்ததை விடத் தெரியாது. அந்தக் கண் இவருக்கு வராது என்று தெரிந்தாலும், அவள் செத்த பிறகும் அது என் வீட்டுக்காரர் முகத்தில் இருந்துகொண்டு, குழம்பில் எவ்வளவு உப்புப் போடுகிறேன் என்று பார்த்துக்கொண்டிருக்கும் என்றே எனக்குப் படுகிறது. நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.