அக்கா பார்க்காத கன்று

எங்கள் அக்கா அவர்கள் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று மாமா, அதாவது அக்காவின் கணவர், சொல்லிவிட்டார்கள். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. "எருமை மேல மழ பேஞ்ச மாதிரி நிக்கிறான் பாரு" என்று கருமாதியன்று ஒரு பெரியம்மா சொன்னது காதில் விழுந்தது. சொல்லட்டும். இந்தக் கட்டுரையும் எருமையைப் பற்றியதுதான்.

அக்கா பிறந்தது வட ஆற்காட்டில், பாலாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில். தங்கச் சுரங்கத்துக்கு ஆள் எடுத்த காலத்தில், தாய் தகப்பன் இல்லாத என்னையும் கூட்டிக்கொண்டு மாமாவுடன் ஊரிகம் வந்து சேர்ந்தார்கள். பிள்ளைப்பேறு இல்லை, அதைப் பற்றி வாயெடுத்தவர்களை அக்கா பேசவிட்டதுமில்லை. மாமா கேஜ் என்னும் இரும்புக் கூண்டில் ஏறி ஷாப்ட்டில், அதாவது சுரங்கக் குழியில், இறங்கினார்கள். அக்கா கம்பெனி கொடுத்த லைன் வீட்டுக்குப் பின்னால் ஓர் எருமையைக் கட்டிப் பால் ஊற்றி, அந்த வரும்படியில் என்னைப் படிக்க வைத்தார்கள். பாலில் தண்ணீர் கலந்ததில்லை. பேச்சிலும் கலந்ததில்லை.

அந்த எருமை இரண்டு முறை கன்று வீசியது. நாள் நிறையுமுன்பே கன்று செத்து விழுந்தது. பூமிக்கடியில் வைக்கும் வேட்டில் மாடு அதிர்ந்துபோகிறது என்றார்கள் லைனில். வேட்டா, வேறு நோயா, இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. இரண்டாம் முறை பாதியில் நின்றுவிட்ட கன்றை அக்காவே கைவிட்டு எடுத்துப் புதைத்தார்கள். ஈன்ற மாட்டின் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டினால் பால் வற்றாது என்பது நம் வழக்கம். அன்று அதையும் குழியிலேயே போட்டார்கள். "கன்னே இல்ல, கொடிக்கு இன்னா மரம்?" என்றார்கள்.

மாமா கசாப்புக்காரரிடம் பேசிவிட்டு வந்தார்கள்.

"வேட்டுக்குக் கலங்குற மாட்ட வெச்சிகினு இன்னா பண்றது?"

"நீங்க கேஜ்ல எறங்குறப்பல்லாம் எனக்குந்தான் வவுறு கலங்குது. என்னியும் வித்துடுவீங்களா?"

மாமா திரும்பப் போய்க் கசாப்புக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள்.

மறுபடி சினை பிடித்ததும், அக்கா வேட்டுச் சத்தம் எட்டாத தொலைவில் ஒரு கவுடர் கொல்லையில் எருமையைக் கொண்டுபோய்க் கட்டினார்கள். அன்றாடம் நடந்துபோய்த் தீனி வைத்தார்கள். இதற்குள் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. விடும், திரும்ப வரும். மூட்டுக்கு மூட்டு வலி. வைத்தியம் பார்த்தும் தேறவில்லை. அக்கா படுத்த பிறகு, விற்கச் சொன்ன மாமாதான் ஷிப்ட் முடிந்து கொல்லைக்கு நடந்தார்கள். திரும்பி வந்தால் அக்கா கேட்பது ஒன்றுதான்.

"சென நிக்குதா?"

"நிக்குது."

கடைசி நாளும் அதைத்தான் கேட்டார்கள்.

கருமாதிச் சாப்பாட்டின்போது கவுடரே வந்தார். எருமை ஈன்றுவிட்டது, கன்று எழுந்து நிற்கிறது, கொடி மட்டும் விழவில்லை என்றார். மாமா இலையை மடித்துவிட்டு எழுந்தார்கள். உறவினர் முணுமுணுத்தனர். நானும் பின்னால் போனேன்.

கிடேரிக் கன்று. காது இன்னும் ஈரமாக இருந்தது. அக்கா பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தொங்குகிற கொடியில் கல்லைக் கட்டிவிடலாமா என்று கவுடர் கேட்டார்.

"வாணாங்க. இழுத்தா உள்ள அறுந்துடும்னு அவ சொல்லிகீறா" என்றார்கள் மாமா.

கொடி தானாக இறங்க மூங்கில் இலையைத் தின்னக் கொடுத்துவிட்டு, நாய் நெருங்காமல் எருமைக்குப் பின்னாலேயே உட்கார்ந்துகொண்டார்கள். பொழுது சாயும்போது கொடி விழுந்தது. வைக்கோலில் சுற்றி ஆலமரத்துக்கு எடுத்துப் போனோம். மாமா அதைக் கிளையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். முடிச்சை நான் போட்டேன்.

இடம் கொடுத்த கவுடர் குடும்பத்தாருக்கும், அக்காவைத் தாங்கிப் பிடித்துக் குளிப்பாட்டிய அடுத்த வீட்டுத் தெலுங்கு அம்மாவுக்கும், பாடை சுமந்த ஷிப்ட்டுக்காரர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். லைன்காரர்களே, சாவு விழுந்த வீடென்று பாராமல் வாசலுக்கு வந்து சீம்பால் வாங்கிப் போனீர்களே, அதையும் மறக்கமாட்டோம்.

எருமை மறுபடி சினையாக இருக்கிறது. நேற்றுக் கொல்லையிலிருந்து திரும்பிய மாமா, வாசலில் கால் வைத்ததுமே, "சென நிக்குது" என்றார்கள். நான் எதுவும் கேட்கவில்லை. அக்கா படுத்திருந்த மூலையைப் பார்த்துத்தான் சொன்னார்கள்.