பெட்டிக்குள் இரண்டு காக்கி

கல்முனைப் பக்கத்தில் ஆண்பிள்ளைக்குச் சுவர் கிடையாது. இது தெரிந்திருந்தும் நான் பழம்பொருள் சேர்க்கத் தொடங்கினேனே, அதைவிடப் பெரிய மடத்தனம் உலகத்தில் இல்லை. எங்கள் ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை என்கிற பேர்வழி ஒரு சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு மனைவியின் வீட்டுக்கு வருவான். அவனுக்கொரு மகள் பிறந்து வளர்ந்ததும் அந்த வீட்டை அவள் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டு, குசினிக்குப் பக்கத்து அறைக்கு நகர்வான். அங்கேயிருந்து மையவாடிக் குழிக்கு. இந்தப் பயணத்தில் ஆணி அடித்து ஒரு தொப்பியைத் தொங்கவிட அவனுக்கு உரிமையுள்ள சுவர் எங்கே இருக்கிறது?

நானும் அப்படித்தான் வந்தேன். சூட்கேஸில் இரண்டு சாரம், மூன்று சேட்டு, தாளில் சுற்றிய ஒரு பித்தளைப் பொத்தான். முதலாம் உலக யுத்தத்துச் சிப்பாய் ஒருவனுடைய பொத்தான் அது. நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்கர் வேலைக்குப் பயிற்சிக்காக மலைநாட்டுக்குப் போயிருந்தபோது, பழைய சாமான் கடையொன்றில் வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சிலருக்குச் சுருட்டு, சிலருக்குச் சீட்டு, எனக்கு இந்தச் சனியன்.

முப்பது வருடத்தில் பொத்தான் குட்டி போட்டது. இரும்புத் தொப்பி, சோற்றுத் தகரம், தோல் காலுறை, துவக்கு முனையில் மாட்டுகிற கத்தி, செத்துப்போன சிப்பாயின் குடும்பத்துக்கு அவன் பெயரை வார்த்து அனுப்பிய வெண்கலத் தட்டு, பீரங்கிக் குண்டின் பித்தளைக் கூடு. அந்தக் கூட்டில் பதுங்குகுழிக்குள் இருந்த எவனோ ஆணியால் பூ அடித்திருந்தான். என் மனைவி அதில் அகப்பை போட்டு வைத்தாள். இரும்புத் தொப்பியைப் பார்த்து, "கோழிக்குத் தண்ணி வெக்க நல்லம்" என்றாள். நான் கத்தினேன். "கத்தாதீங்க, செத்தவன் வந்து கேக்கப் போறானா?" என்றாள்.

எனக்கு ஒரு திமிரும் இருந்தது, ஒளிப்பானேன். பொய்ச் சரக்கை நான் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடுவேன். கொழும்பிலிருந்து ஒருவர் ஒருமுறை ஜேர்மன் சக்கரவர்த்தியே தலையில் வைத்த தொப்பி என்று ஒன்றைக் கொண்டுவந்தார். நக்கிப் பார்த்தேன். உப்பும் தேயிலைச் சாயமும். துருப் பிடிக்க வைத்த விதத்தைச் சொல்லி, கோப்பி கொடுத்து அனுப்பிவைத்தேன். ஒரு பொருளின் வரலாற்றில் பொய் சொல்கிறவனைப் போல ஈனன் இல்லை என்று பழம்பொருள் சேர்ப்பவர்களின் கூட்டத்தில் வேறு பேசியிருக்கிறேன்.

இவையெல்லாம் சில்லறை. என் உயிர் ஒரு காக்கிக் கோட்டில் இருந்தது. வெயில் நாட்டுக்கு அனுப்பிய சிப்பாய்களுக்குத் தைத்த மெல்லிய கோட்டு. நாலு பை. துவைக்கும்போது கழற்றி எடுக்கிற மாதிரி வளையத்தில் கொழுவிய பித்தளைப் பொத்தான்கள். கழுத்துப் பட்டியின் உள்ளே மையால் எழுதிய இலக்கம். துரை பங்களாவில் சமைத்த ஒருவரின் குடும்பம் அதை வைத்திருந்தது. நாலு வருடம் நடையாய் நடந்து வாங்கினேன். பூச்சி உருண்டை போட்டு, ஒருவருக்கும் விரித்துக் காட்டாமல் தகரப் பெட்டியில் வைத்தேன். மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது எட்டிப் பார்த்ததைவிட அந்தப் பெட்டியை அதிகம் எட்டிப் பார்த்திருப்பேன்.

அதே பெட்டியில் இன்னொரு காக்கியும் இருந்தது. அது என்னுடையதல்ல. என் மனைவியின் கூடப் பிறந்த மூத்தவரான காக்காவினுடைய சட்டை. உள்நாட்டு யுத்தம் நடந்த பிரச்சினைக் காலத்தில் அவர் ஊர்காவல் படையில் இருந்தார். நற்பிட்டிமுனைப் பக்கம் வயல் வழியில் காவல் நின்றபோது சுட்டுவிட்டார்கள். அன்றைக்கு அவர் போட்டிருந்த சட்டை அவரோடு போயிற்று. துவைத்துக் கொடியில் காயப் போட்டிருந்த மற்றச் சட்டை மிஞ்சியது. அவருக்கென்று துனியாவில் மிஞ்சியது அது ஒன்றுதான், படம்கூட இல்லை. அவளுடைய உம்மா அன்றைக்கே மருதமுனைக் கைத்தறித் துண்டொன்றில் சுற்றி வைத்ததை, மனைவி பிரிக்காமலே என்னிடம் தந்தாள்.

"வெள்ளக்காரன்ட கோட்டுக்கே உருண்ட போட்டுப் பாக்கிறீங்க. என்ட காக்காட சட்டையையும் அதுக்குள்ள வைங்க. என்னால அதப் பாக்கேலா."

வைத்தேன். அந்தச் சட்டை இப்போது இல்லை. நான்தான் எரித்தேன். இது என் மனைவிக்குத் தெரியாது. நான் எழுதுவது எதையும் அவள் வாசிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

தேவாலயங்களில் குண்டு வெடித்த பிறகு, இராணுவம் வீடு வீடாகச் சோதனை நடத்திய வருடம் அது. சாய்ந்தமருதுப் பக்கத்தில் தொடங்கி ஒழுங்கை ஒழுங்கையாக வருகிறார்கள் என்று செய்தி. அதற்கு முன்னால் வதந்தி வந்து சேர்ந்தது: சாணுக்கு மேலே நீளமான கத்தி வீட்டில் இருந்தால் ஆளைத் தூக்குகிறார்களாம். யார் சொன்னது? எல்லாரும் சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பெண்கள் குசினிக்குள் உட்கார்ந்து கத்திகளைச் சாண் வைத்து அளந்தார்கள். மீன் வெட்டுகிற கத்தி, இறைச்சிக் கத்தி, பெருநாளைக்குக் குர்பான் அறுக்கிற கத்தி, எல்லாம் கிணற்றுக்குள் விழுந்த சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்டது. கை சின்னப் பெண்கள் இருந்த வீடுகளில் வெங்காயம் வெட்டவும் கத்தி மிஞ்சவில்லை. அடுத்த நாள் மீன்காரர் வந்தபோது, முழுப் பாரையைக் கையில் வைத்துக்கொண்டு ஒழுங்கையே விழித்தது.

என் வீட்டிலோ சாணும் முழமும் தாண்டிய சரக்கு. துவக்குக் கத்தியை, செத்தவருக்குச் சொல்கிற இன்னாலில்லாஹியைச் சொல்லி, கக்கூசுக் குழிக்குள் போட்டேன். பிறகு பெட்டியைத் திறந்தேன். இரண்டு காக்கி. ஒரு முஸ்லிம் வீட்டில், அந்த நேரத்தில், இராணுவ உடுப்பு இரண்டு! ஒன்றையாவது ஒழிக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு கிளாக்கர் சொன்னான். அந்தக் கிளாக்கர் காரணமும் எழுதித் தந்தான்: கோட்டு நூறு வருடத்துப் பழசு, அதை யார் சந்தேகப்படுவார்? சட்டைதான் கிட்டத்து உடுப்பு, ஆபத்து. நல்ல காரணம், அழகான காரணம். உண்மை அதுவல்ல. கோட்டை எரிக்க எனக்கு மனம் வரவில்லை. சட்டையை எரிக்க வந்தது. அவ்வளவுதான்.

பின்வளவில், தென்னம்மட்டையோடு சேர்த்து எரித்தேன். மெல்லிய துணி, பொசுக்கென்று போய்விட்டது. கோட்டின் பொத்தான்களைக் கழற்றி, பழைய மிளகாய்த்தூள் தகரப் பேணியொன்றுக்குள் போட்டேன். கோட்டை நெல் மூடைக்குள் திணித்து வாயைக் கட்டினேன். திரும்பினால் மனைவி நிற்கிறாள்.

"என்னத்த எரிச்சீங்க?"

"என்ட கோட்ட" என்றேன்.

எப்படித்தான் வந்ததோ அந்த வார்த்தை. அவள் என்னைப் பார்த்த பார்வையைக் கலியாணத்தன்றுகூட நான் கண்டதில்லை.

சோதனைக்கு வந்தவர்கள் கால்மணி நேரம்தான் இருந்தார்கள். ஒரு இளம் சிப்பாய் இரும்புத் தொப்பியைத் தலையில் வைத்து மற்றவனிடம் காட்டிச் சிரித்தான். அகப்பை நிற்கும் குண்டுக்கூட்டை யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லை. அதிகாரி உட்கார்ந்து பெயர்களை எழுத ஓர் இடம் தேடினார். கதிரை இருக்க, நெல் மூடையில் உட்கார்ந்தார். யா அல்லாஹ்! அவர் அசைகிறபோதெல்லாம் உள்ளே என் கோட்டு நசுங்கியது.

அப்போது என் மனைவி வாயைத் திறந்தாள். "என்ட காக்காவும் ஹோம்கார்ட்தான் மாத்தயா. வேலையில நிக்கக்குள்ளதான் மவுத்தாகினார்."

அதிகாரி பேனையை மூடினார். மூடையிலிருந்து எழுந்து நின்றார்.

"அவர்ட சட்ட பெட்டிக்குள்ள இரிக்கி, காட்டட்டா?"

"வேணாம் அம்மா, வேணாம்" என்று கொச்சைத் தமிழில் சொல்லிவிட்டு, தொப்பியைத் தொட்டு மரியாதை செய்துவிட்டுப் போனார். எந்தச் சட்டை ஆபத்து என்று எரித்தேனோ, அதுதான் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது. சாம்பலாக இருந்துகொண்டே காப்பாற்றியது. செருப்பால் என்னை நானே அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

அவர்கள் போனதும் கோட்டை எடுத்து, காக்காவின் சட்டை இருந்த அதே கைத்தறித் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். வேறு எங்கே வைப்பது? கோட்டுத்தான் எரிந்துவிட்டதே.

அன்றிலிருந்து நான் ஊரில் பெரிய மனிதன். மனைவி யாரைக் கண்டாலும் இதுதான் கதை. "மனிசன் உசிராட்டம் வெச்சிருந்த கோட்ட எரிச்சிட்டு என்ட காக்காட சட்டையக் காப்பாத்தினாரு." மச்சான்மார் என்னைக் கண்டால் எழுந்து நின்றார்கள். கந்தூரிச் சோற்றில் எனக்கு இறைச்சி கூடுதலாக விழுந்தது. தின்றேன். அந்தக் கோட்டை ஒரு நாளாவது வெளியே எடுத்துப் பார்க்க முடிந்ததா? இல்லை. பொத்தான்கள் மிளகாய்க் காரத்தில் பச்சை பிடித்தன. நாலு வருடம் நடந்து வாங்கிய பொருள், என் பெட்டியிலேயே இன்னொருவர் பெயரில் கிடந்தது.

இந்த வருடம் மகளுக்குக் கலியாணம் பேசி முற்றாகி, காவின் எழுத நாளும் குறித்தாயிற்று. இனி வீடு அவளுடையது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வீடு பார்க்க வந்தார்கள். அறை, குளியலறை எல்லாம் பார்த்துவிட்டு என் பழஞ்சாமான் அலுமாரிக்கு முன்னால் நின்றார்கள்.

"இது வெடிக்கிற சாமானா ராத்தா?" என்று மாப்பிள்ளையின் மாமி என் மனைவியிடம் கேட்டார்.

"சீச்சீ, எங்கட மனிசன்ட விளையாட்டுச் சாமான். காவினுக்கு முந்தி எல்லாம் வெளிக்கிட்டிரும்" என்றாள் மனைவி. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சாமான் போகட்டும், அலுமாரியும் போகட்டும். பெட்டி போக வேண்டுமென்றால் அவள் அதைத் திறப்பாள். திறந்தால் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். திறக்குமுன் அதை எங்கேயாவது அனுப்பிவிட வேண்டும். ஓடினேன்.

பள்ளிக்கூடமொன்றில் அதிபரைக் கண்டு, பிள்ளைகளின் அறிவுக்கு என்று சொன்னேன். "யுத்தச் சாமானா? இங்கயா? சேர், எனக்கு ஓய்வு பெற ஒண்டர வருஷம்தான் கெடக்கு" என்றார். நான் பிறந்த வீட்டுக்குப் போனேன். அது என் மூத்தவளான ராத்தாவின் வீடாகி, ராத்தாவின் மகளின் வீடாகிவிட்டது. ராத்தா வாசலிலேயே நின்று, "ஒனக்குச் சோறு தரலாம் தம்பி, பெட்டிக்கு எடமில்ல" என்றார். காரைதீவில் என்னோடு வேலை செய்த நண்பர் ஒருவர் மட்டும் ஓம் என்றார். வீட்டுக்கு வந்து சந்தோஷத்தோடு பெட்டியைத் தூக்கக் குனிந்தேன்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றாள் மனைவி. "ஒங்கட சாமான் போகட்டும். காக்காட சட்ட என்னோட பின்னறைக்கு வரும்."

நான் ஏதோ முணுமுணுத்தேன். தூசி, பூச்சி, மருந்து வாசம், இருமல் வரும். அவள் கேட்கவில்லை. பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து பூட்டைத் திறந்தாள். கைத்தறித் துண்டை எடுத்து மடியில் வைத்தாள். பிரித்தாள்.

சட்டைக்கும் கோட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவன் இந்த உலகத்தில் உண்டா? நாலு பை, வேறு தையல், வேறு கழுத்து. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். தொலைந்தேன் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், தொலைந்தால் போதும் என்றும் ஒரு பக்கம் இருந்தது.

அவள் கைப்பகுதியை விரித்து, தன் கையை அதற்கு மேலே வைத்துப் பார்த்தாள். முகத்தில் ஒற்றிக்கொண்டாள். ஒரு பெண்பிள்ளை சின்ன வயதில் கடைசியாகக் கண்ட உடுப்பு. அதன் பிறகு கண்ணால் பார்க்கவே முடியாதென்று ஒதுக்கி வைத்த உடுப்பு. அவளுக்கு அதில் தெரிந்தது காக்கி நிறம் ஒன்றுதான்.

"இவ்வளவு ஒடுக்கமான உடம்பாவா இருந்திரிக்காரு" என்றாள். "எனக்கு அவர் பெரிய ஆளாத்தான் ஞாபகம்."

எவனோ ஒரு வெள்ளைக்காரப் பொடியனின் உடம்பு அது. அவள் நிறைய நேரம் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்து, தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"இஞ்ச பாருங்க, ஒங்களிட்ட ஒண்டு சொல்லணும். மனிசன் தன்ட கோட்ட எரிச்சாரு என்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சன்தான். ஆனா நெஞ்சுக்குள்ள நம்பல்ல. இந்த மனிசன் அந்தக் கோட்ட எரிக்கவே மாட்டாரு, காக்காட சட்டையத்தான் எரிச்சிருப்பாரு என்டு ஒரு எண்ணம். அதுக்குப் பயந்துதான் இவ்வளவு நாளும் பெட்டியத் திறக்கல்ல. ஒங்களப் பத்தி அப்படி நெனச்சிட்டன். மகள்ட காவினுக்கு முந்தி கேக்கிறன், என்னப் பொருந்திக்கங்க."

மக்காவுக்கு உம்றாப் பயணம் போகிறவர்கள் ஊராரிடம் கேட்கிற மன்னிப்பு அது. கேட்டால் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் வைத்துக்கொள்வது எங்களில் பெரிய குற்றம். அவள் கோட்டை நெஞ்சோடு அணைத்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொருந்திட்டன்" என்றேன்.