உப்பு போடாத புரோட்டீன் பார்

குழந்தைக்கு எடை ஏறவில்லை என்று அங்கன்வாடி டீச்சர் சொன்னதிலிருந்து எனக்கு நிம்மதியே இல்லை.

இன்று வறுத்த வேர்க்கடலை, பேரீச்சம்பழம், பால் பவுடர், புரோட்டீன் பவுடர் எல்லாம் சேர்த்துப் பிசைந்து, அடுப்பே மூட்டாமல் பார் செய்தேன். துண்டு போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மகளைக் கூட்டிவரப் போனேன்.

திரும்பி வந்தால் தட்டில் பாதியைக் காணோம்.

"ஏனுங்கத்தை, யாருங்க எடுத்தது?"

"உங்க மாமனுக்குக் குடுத்தேன் அம்மிணி. ஊட்டுல எது செஞ்சாலும் அவருக்குத்தான மொதல்ல வெப்போம்?"

மாமனாருக்குக் கிட்னி பழுது. கடலை, பேரீச்சை, பால் எதுவும் ஆகாது. புரோட்டீனே அளந்துதான் சாப்பிட வேண்டும்.

"டாக்டரு உப்புத்தான வேண்டாம்னாரு? நீ இதுல உப்பே போடுல. பாத்துட்டுத்தான் குடுத்தேன்."

டாக்டருக்குப் போன் செய்தேன். காலையில் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிவரச் சொன்னார். நெஞ்சு படபடத்தாலோ மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம் என்றார்.

அதற்குப் பிறகு அத்தை மாமாவின் காலடியில் உட்கார்ந்து, வீக்கம் கூடியிருக்கிறதா என்று பாதத்தை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மாமாவுக்கோ கவலையே இல்லை. "ரொம்ப நாள் கழிச்சு வாய்க்கு ருசியாத் தின்னேன். இன்னொரு துண்டு இருக்குதா அம்மிணி?"

மகளோ ஒரு கடி கடித்துத் துப்பிவிட்டாள்.

எங்கள் ஊர் வேலந்தாவளத்தில் ஃபிரிட்ஜுக்குப் பூட்டு விற்கிற கடை தெரிந்தால் சொல்லுங்கள். தன் கணவருக்கு ஆசையாக எடுத்துக்கொடுத்த கையிடம் சாவியை எப்படி மறைப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.